இடது கால்காரியின் அபிமானம்

என் மகள் மாறிவிட்டாளா என்று லேக் மார்க்கெட்டில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது. தேங்காய் என்ன விலை என்று கேட்கிற அதே குரலில் கேட்பார்கள். புது டீமில் சேர்ந்திருக்கிறாளாமே, இப்போது எப்படி, கோபம் குறைந்திருக்கிறதா, ஒழுங்காகப் போய் வருகிறாளா என்று காய்ச்சல்காரியை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள். வங்காளிகள் ஊரில் எங்களுடையது தமிழ்க் கடை, இட்லி மாவு, காப்பித்தூள், அப்பளம், நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். கூடவே என் மகளின் கோபத்தைப் பற்றிய தகவலும் கிடைக்கும் என்று எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது.

நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாறிவிட்டாள், நன்றாகவே மாறிவிட்டாள் என்று. போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை வரைக்கும் அதை நான் நம்பவும் செய்தேன்.

அவள் கால்பந்து விளையாடுகிறவள். இடது பக்கம் ஓடுகிறவள், இடது காலால் அடிக்கிறவள். எனக்குப் பந்தாட்டம் தெரியாது. யார் எந்தப் பக்கம் கோல் போட வேண்டும் என்பதே பாதி ஆட்டத்துக்குப் பிறகு குழம்பிவிடும். ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். வேலிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்கிற ஆண்கள், பந்து அவள் காலுக்குப் போனதும் கிளாஸை வாயிலிருந்து எடுத்துவிடுவார்கள். பெண்கள் ஆட்டத்தை வேலை வெட்டி இல்லாமல் பார்க்க வந்தவர்கள்தான் அவர்கள். அவர்களே அப்படி நின்றால் இவளிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரியாதா.

கூடவே இன்னொன்றும் இருந்தது. முதல் டீம் லேக் கார்டன்ஸில். ஒரு மேட்சில் இவள் காலியாக நிற்க, யாரும் பந்து தரவில்லை. இவள் மெதுவாக நடந்து கோட்டுக்கு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது, இவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். திமிர் பிடித்தவள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது டீம் பெரிய டீம். அங்கே ஒரு நாள் பாதி ஆட்டத்தில் இவளை வெளியே கூப்பிட்டு வேறொருத்தியை இறக்கினார்கள். இவள் பெஞ்சில் உட்காரவில்லை. அப்படியே கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஆணி வைத்த பூட்ஸோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். மாடிப்படியில் டக் டக் என்று சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். பின்னாலேயே போன் வந்தது. நல்ல பிளேயர்தான், ஆனால் ஆட்டிட்யூட் சரியில்லை, இனி அனுப்ப வேண்டாம் என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி நான் கடையில் யாரிடமும் சொன்னதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தாள். குளிக்கச் சொன்னால் குளிக்க மாட்டாள், தலை சிக்குப் பிடித்துப்போயிற்று. காலேஜுக்குப் போவதும் நின்றது. ஒரு நாள் காலையில் எவ்வளவு தட்டியும் கதவு திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார். அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள், காதில் பாட்டுக் கேட்கிற சாமானை மாட்டிக்கொண்டு. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வந்து உட்கார்ந்த பயம் இன்னும் எழுந்து போகவில்லை. இந்தப் பந்து கையை விட்டுப் போனால் பிள்ளையும் போய்விடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தாழ்ப்பாளை நாங்கள் திரும்பப் போடவே இல்லை.

மூன்றாவது டீம் தானாக வீடு தேடி வந்தது. வந்தவள் அந்த டீமின் கேப்டன், கோல்கீப்பர். முன்பு எதிர் டீமில் நின்று என் மகளிடம் கோல் வாங்கியவள். தெற்கு லைனில் எங்கோ தூரத்திலிருந்து லோக்கல் ரயிலில் பாலிகஞ்ச் வந்து இறங்குகிற பெண். வாட்டசாட்டமான உடம்பு, குரல் மட்டும் குழந்தைக் குரல். என்னைக் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்டு, நேரே உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசினாள் என்று தெரியாது. நான் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் காலில் விழலாம்போல இருந்தது எனக்கு. விழவில்லை, இரண்டாவது காப்பி கொடுத்தேன்.

டீமில் சேர்ந்தது வங்காளி வருஷப் பிறப்பன்று. அன்றைக்கு இங்கே கால்பந்து கிளப்களில் கோல் கம்பத்துக்குப் பூஜை போடுவார்கள். கம்பத்துக்கு மாலை, சந்தனம், குங்குமம், புரோகிதர், தேங்காய் எல்லாம் உண்டு. கடைத் தராசுக்கு ஆயுத பூஜை போடுகிற எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரும்புக்குப் பொட்டு வைக்கிறவர்கள் என் மகளை விட்டுவிட மாட்டார்கள் என்று தோன்றியது. அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற பெண்களோடு நின்றாள். கையில் எனக்கும் கொஞ்சம் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். சாப்பிடுகிறாளா, எத்தனை மணிக்கு வருகிறாள், வந்ததும் பூட்ஸை வீசுகிறாளா, வைக்கிறாளா. வைத்தாள். பழைய டீம்களைப் பற்றிச் சொல்லும்போது 'அவங்க' என்பாள். இப்போது 'நாங்க' என்றாள். நாங்க டிரா பண்ணிட்டோம், நாங்க நாளைக்குச் சீக்கிரம் போகணும். அந்தச் சொல்லைக் கேட்ட அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன், காரணம் சொல்லாமல். பயிற்சி முடிந்து வரும்போது யாராவது ஒரு பெண் கூடவே எங்கள் கடை வரைக்கும் நடந்து வருவாள். ஒவ்வொரு நாள் ஒவ்வொருத்தி. என் மகளுக்கு இத்தனை சிநேகிதிகளா என்று எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வந்தவளுக்கெல்லாம் கை நிறைய முறுக்குக் கொடுத்து அனுப்பினேன்.

என் வீட்டுக்காரர்தான் இதில் சேரவில்லை. "சீசன் முடியட்டும், பாப்போம்" என்பார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வங்காளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என்னுடைய வங்காளம் கடை வங்காளம்.

அதைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். வந்த புதிதில் தயிர் இருக்கிறதா என்று ஒரு கடையில் ஜாடையில் கேட்டேன். அவன் "நெய்" என்றான். நெய் வேண்டாமப்பா, தயிர் என்றேன். அவன் மறுபடியும் "நெய்" என்றான். இல்லை என்பதற்கு இங்கே நெய் என்று அறிவதற்குள் எனக்கும் அவனுக்கும் சண்டையே வந்துவிட்டது. பிறகு நானே ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். பாதிச் சொல் நம்முடைய சொல்தான், அகரத்தை ஒகரமாக்கி, வாயில் ரசகுல்லாவை ஒதுக்கிக்கொண்டு சொன்னால் வங்காளம். இந்தச் சூத்திரம் பல நாள் சோறு போட்டது, சில நாள் காலை வாரியது. கீழ்வீட்டு வங்காளி அம்மாள் தன் கணவருக்கு ரொம்ப 'ராக்' என்றபோது பாட்டுக்காரர் போலிருக்கிறது என்று நினைத்து, அவரைப் பார்த்த இடத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டேன். ராக் என்றால் கோபமாம். பழக்கக்காரர் ஒருவர் 'ஒபொசோர்' ஆகிவிட்டார் என்றதும் என்ன அவசரமோ என்று பதறினேன். மனிதர் ரிடையர் ஆகியிருந்தார். இவ்வளவு அடிபட்டும் சூத்திரத்தை நான் விடவில்லை. வேறு என்ன இருந்தது எனக்கு.

ஆடி பிறந்து மழை வலுத்த நேரம், ஒரு நாள் மத்தியானம் கோச் கடைக்கு வந்தார். இளவயதுக்காரர், எந்நேரமும் தூக்கம் போதாத முகம். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வேண்டுமோ வேண்டாமோ என்று இரண்டு பாக்கெட் மிக்சரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். அப்புறம், அண்ணி முறை வைத்து, "பௌதி, உங்கள் மகளுக்கு ரொம்ப ஒபிமான்" என்றார்.

ஒபிமான். அகரத்தைத் திருப்பிப் போட்டேன். அபிமானம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீமின் மேல் என் மகளுக்கு இருக்கிற பற்றை, பாசத்தை, ஒரு கோச் மழையில் நனைந்து கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போகிறாரே. மூன்றாவது டீமிலாவது வேர் பிடித்துவிட்டாள். எனக்குத் தெரிந்த வங்காளத்தில், வாய் நிறையச் சொன்னேன். இருக்காதா பின்னே, எங்கள் குடும்பத்திலேயே எல்லோருக்கும் உண்டு, போகப் போகப் பாருங்கள், இன்னும் ஜாஸ்தியாகும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மிக்சருக்குக் காசு வாங்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் பாக்கெட்டுகளைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் தமிழில் சொன்னேன். "நம்ம பொண்ணுக்கு டீம் மேல அவ்வளவு அபிமானமாம். கோச்சே வந்து சொல்லிட்டுப் போறாரு." மறுநாள் அவர் கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில், பூட்ஸ் போட்டு நிற்கிற அவள் படத்தை ஆணி அடித்து மாட்டினார். வாடிக்கைக்காரர்கள் கேட்டால் நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவரே சொன்னார்.

அதற்கு அடுத்த மேட்சில் கோச் அவளை இறக்கவில்லை. முழு ஆட்டமும் பெஞ்சிலேயே உட்கார்த்தி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவள் பூட்ஸை வீசவில்லை, வைத்தாள். அதனால் எனக்கு உடனே தெரியவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

அந்த முதுகு எனக்குத் தெரியும். அந்த முதுகைத்தான் நான் பல மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. வாரம் முழுக்கப் போகவில்லை. சனிக்கிழமை காலை கோல்கீப்பர் எனக்குப் போன் செய்தாள். சாயங்காலம் பெரிய மேட்ச், இதில் ஜெயித்தால்தான் டீம் மேல் பிரிவுக்குப் போகும், இன்றைக்கும் வரவில்லை என்றால் கோச் அவளை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார், காக்கிமா, எப்படியாவது அனுப்புங்கள் என்றாள். குழந்தைக் குரலில் அவ்வளவு அலுப்பை நான் கேட்டதில்லை.

உள்ளே போனேன். நல்லதாகப் பேச வேண்டும் என்றுதான் போனேன். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

"ஏட்டி, எந்திரி. மூணாவது டீமையும் தொலைச்சிட்டு என்ன செய்யப் போற? உங்க அப்பா படத்தை வேற மாட்டி வச்சிருக்காரு."

முதுகு அசையவில்லை.

"டீம் மேல உனக்கு எவ்வளவு அபிமானம்னு கோச்சே கடைக்கு வந்து சொன்னாரே. அவருகிட்ட போயி ஏன் வீம்பு பண்ணுத?"

அதற்குத்தான் திரும்பினாள். எழுந்து உட்கார்ந்தாள். "என்ன சொன்னாரு? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு, மா."

"ஒபிமான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன். எங்கள் குடும்பத்துக்கே உண்டு, இன்னும் ஜாஸ்தியாகும் என்று சொன்னதைச் சொன்னேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஒரு வாரமாகச் சிரிக்காதவள் சிரித்தது எனக்குச் சந்தோஷமாக இல்லை. "அது அது இல்ல, மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டாள்.

கீழே கடைக்கு ஓடினேன். வீட்டுக்காரர் காப்பித்தூள் நிறுத்துக்கொண்டிருந்தார். ஒபிமான் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் கரண்டியை அப்படியே வைத்தார்.

"அவரு ஒபிமான்னா சொன்னாரு? நீ அபிமானம்னுல்லா என்கிட்ட சொன்ன."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல." அவருக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை. "கோவம்தான். ஆனா நம்ம ஆளுக மேல மட்டும் வர்ற கோவம். வந்து கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருக்குமே, அந்தக் கோவம்."

"கூப்பிடலைன்னா?"

"அது தெரியல. இங்க எல்லாரும் கூப்பிட்டுருவாங்க."

எங்கள் வீட்டில் கூப்பிட மாட்டோம். அன்பில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் வளர்ந்த வீட்டில் கோபித்துக்கொண்டு படுத்தால் தட்டைப் போட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி வைத்துவிடுவார்கள். பசித்தால் தானாக வந்து தின்றுவிட்டுப் போகலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கேட்டுக் கூச வைக்க மாட்டார்கள். அது எங்கள் மரியாதை. என் மகள் சின்னதில் கோபித்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போவாள். பாட்டுக்காரர் என்று நான் நினைத்தேனே, அவர் வீட்டுக்கு. அந்த அம்மாள் அவளைக் கெஞ்சி, கன்னத்தைப் பிடித்து, மீன் முள் எடுத்து ஊட்டிவிட்டு அனுப்புவாள். நாங்கள் மீனைப் பற்றித்தான் சண்டை போட்டோம், மற்றதைக் கவனிக்கவில்லை. அந்தக் குடும்பம் மகனோடு வேறு ஊருக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. என் மகள் வங்காளிபோலக் கோபித்துக்கொண்டு தமிழ் வீட்டில் படுத்திருக்கிறாள். நான் தட்டை மூடி மூடி வைத்திருக்கிறேன்.

மத்தியானச் சோற்றையும் மூடி வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து மைதானத்துக்குப் போனேன். மழை நின்றிருந்தது, தரையெல்லாம் சேறு. பெண்கள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்தில் வருஷப் பிறப்பன்று வைத்த பொட்டு இருக்கிறதா என்று என் கண் தானாகப் போய்ப் பார்த்தது. இல்லை, மழையில் போய்விட்டது.

கோச்சிடம் கை கூப்பினேன். கடை வங்காளத்தில், ஒரே ஒரு தடவை அவளைக் கூப்பிடுங்கள், நீங்கள் கூப்பிட்டால் வருவாள் என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "பௌதி, இந்த சீசன் முழுக்கக் கூப்பிட்டேன். அவள் பெஞ்சில் முகத்தைத் திருப்பினால் கூப்பிட்டேன், பயிற்சிக்கு வராவிட்டால் கூப்பிட்டேன். மற்றவர்களும் என் பிள்ளைகள்தானே. வீட்டில் நீங்கள் எடுத்துச் சொல்வீர்கள் என்றுதான் கடைக்கு வந்தேன். நீங்கள் குடும்பத்துக்கே உண்டு, இன்னும் ஜாஸ்தியாகும் என்றீர்கள். அதற்கு மேல் நான் என்ன பேச?"

எனக்கு அந்தச் சொல் தெரியாது என்று சொல்ல வேண்டும். எங்கள் பாஷையில் அதற்கு அன்பு என்று அர்த்தம் என்று சொல்ல வேண்டும். எவ்வளவோ வருஷமாக இந்த ஊர்க் காற்றைக் குடித்திருக்கிறேன், அந்த இரண்டு வாக்கியம் எனக்கு வரவில்லை. அவர் விசிலை ஊதிவிட்டுப் போனார்.

கோல்கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ ஒரு போன் பண்ணு, உன் பேச்சைக் கேட்பாள், அவள் மாறிக்கொண்டுதானே இருந்தாள் என்றேன்.

அவள் தலை குனிந்து என் கையையே பார்த்தாள். "காக்கிமா, அவள் மாறவில்லை. நாங்கள் முறை வைத்திருந்தோம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாக, நான் பிடித்துக்கொள்ளும்படி சின்னச் சின்னச் சொல்லாகச் சொன்னாள். பந்து வரவில்லை என்று முகம் சுளித்தால் ஒருத்தி போய்ப் பேச வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஒருத்தி கூடவே நடந்து, ராகைப் போக்கி, சிரிக்க வைத்து, வீட்டில் விட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் வர மாட்டாள். திங்கள் ஒருத்தி, செவ்வாய் ஒருத்தி. சிலர் அதற்காகத் தங்கள் ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலுக்கு நின்றிருக்கிறார்கள்.

"அவளை எங்களுக்குப் பிடிக்கும். அவள் மாதிரி யாராலும் அடிக்க முடியாது. ஆனால் களைத்துப் போய்விட்டோம், காக்கிமா" என்றாள்.

முறுக்குக் கொடுத்தேனே. ஒவ்வொருத்திக்கும் கை நிறைய முறுக்குக் கொடுத்து, நாளைக்கும் வாம்மா என்று அனுப்பினேனே. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அந்தப் பெண் மேல்கூட வந்தது. என் மகளை எடுத்தால் சுமந்துதானே ஆக வேண்டும், பாதி வழியில் இறக்கி வைக்கலாமா என்று கேட்கத் தோன்றியது. எதிரே நிற்பது இருபது வயதுப் பெண், ரயிலேறி வந்து, சேற்றில் விழுந்து எழுந்து, மறுபடி ரயிலேறிப் போகிறவள். பெற்ற எனக்கே முடியாததை அவள் ஒரு சீசன் செய்திருக்கிறாள். கையை விட்டுவிட்டேன்.

அவள் நகர்ந்தாள், திரும்பினாள். "சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையசைத்தேன். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு போய்க் கம்பத்தின் கீழே நின்றாள்.

அப்போதே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு ஆசை. வெட்கம் கெட்ட ஆசை. இவள் இல்லாமல் அவர்கள் தோற்க வேண்டும். தோற்றால் நாளைக்கு வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார்கள். அந்த நம்பிக்கையில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண் ஓடினாள். என் மகளுக்குப் பக்கத்தில் வைக்க முடியாத ஆட்டம்தான், எனக்கே தெரிந்தது. டீ கிளாஸ்கள் யார் வாயையும் விட்டு இறங்கவில்லை. ஆனால் அவளுக்குப் பந்து வராதபோது அவள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஜெயித்துவிட்டார்கள். கடைசியில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சேற்றில் விழுந்து சிரித்தார்கள். கோல்கீப்பரும் சிரித்தாள். பாரம் இறக்கி வைத்த பெண்களின் சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். வீட்டுக்காரர் கடையில் இருந்தார். மாடிக்குப் போனேன். மத்தியானம் நான் மூடி வைத்த தட்டு மூடியபடியே இருந்தது.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மைதானத்துக்கா போன?" என்றாள்.

"ஆமா."

"ஜெயிச்சுட்டாங்களா?"

'நாங்க' போய் மறுபடியும் 'அவங்க' வந்துவிட்டது. "ஜெயிச்சுட்டாங்க" என்றேன்.

திரும்பாமலே, "யாராவது என்னைக் கேட்டாங்களா?" என்றாள்.

எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருப்பேன். நாளைக்கு அதை யார் வந்து உண்மையாக்குவார்கள்? முறை முடிந்துவிட்டது. "கோல்கீப்பர் கேட்டா. சாப்பிட்டாளான்னு கேட்டா" என்றேன்.

அவள் தோள் ஒரு தடவை குலுங்கியது. அப்புறம் அதுவும் இல்லை. போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

மேல் தட்டை எடுத்தேன். ஆறிப்போன சோற்றைக் கொட்டிவிட்டு, சூடாகப் போட்டு, ரசம் விட்டுப் பிசைந்தேன். கட்டில் ஓரத்தில், அந்தப் பெண் உட்கார்ந்த இடத்தில், உட்கார்ந்தேன். என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கெஞ்சுகிற குரல் எனக்கு எந்தப் பாஷையிலும் கிடையாது. அவள் முதுகில் கை வைத்தேன். கையை அவள் தள்ளவில்லை, திரும்பவும் இல்லை.

"வாட்டி" என்றேன். அது அதட்டல்போலத்தான் வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வாம்மா, ஒரு வாய்" என்றேன்.

வரவில்லை. கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கீழே கடையில் யாரோ வீட்டுக்காரரிடம், பொண்ணு இப்ப எப்படி, தேவலையா என்று கேட்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவர் சொன்ன பதில் கேட்கவில்லை.

மறுபடியும் கூப்பிட்டேன்.